பதவியைக் கேட்கலாமா?

ஊராட்சித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம்மவரிடையே ஒரு தயக்கம் தலைகாட்டுவதுண்டு. கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர், ஊரார் தம் வழக்குகளை நம்பிக் கொண்டுவரும் பெரியவர் ஒருவரிடம் நான்கு பேர் சென்று, “தாங்கள்தாம் தலைவர் பதவிக்கு நிற்க வேண்டும்” என்று வேண்டினால், அவர் உடனே விலகிக்கொள்கிறார். “பதவியை நாமாகக் கேட்டுப் பெறுவது மார்க்கத்தில் விரும்பத்தக்கதன்று அல்லவா?” என்பது அவர் கூறும் காரணம். அவர் விலகிய இடத்தில், அந்த அச்சம் சிறிதும் இல்லாத ஒருவர் வந்து அமர்கிறார். பிறகு ஐந்தாண்டுக் காலம் ஊர் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது.

அப்பெரியவர் அஞ்சியது சரியா? இறையச்சம் உடையவர் ஒதுங்கி நிற்க, அஃது இல்லாதவர் ஆள வேண்டும் என்பதா மார்க்கத்தின் முடிவு? மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது சிறிய ஐயமாகத் தோன்றலாம். ஆனால் நம் தெருவின் குடிநீரும், ஏரியின் கரையும், பொதுநிலத்தின் எல்லையும் இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தே இருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்று நின்று சிந்திப்பது கடமையாகிறது.

எச்சரிக்கையின் பொருள்

பதவியைத் தேடுவது பற்றி நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் என்பதில் ஐயமில்லை. அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்குக் கூறிய அறிவுரையின் சாரம் இது: வேண்டிப் பெற்ற பதவியோடு மனிதன் தனித்து விடப்படுகிறான், வேண்டாமல் வந்த பதவியில் அவனுக்கு இறையுதவி கிட்டுகிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுடன் வந்த இருவர் தமக்குப் பொறுப்பு வேண்டும் என்று கேட்டபோது, கேட்பவர்க்கும் ஆசைப்படுபவர்க்கும் நாம் கொடுப்பதில்லை என்று பெருமானார் மறுத்துவிட்டார்கள். கேளாமல் நின்ற அபூமூஸா (ரலி) அவர்களையே யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சி மிகவும் நுட்பமானது. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பொறுப்புத் தரக்கூடாதா என்று கேட்டபோது, பெருமானார் அவர்களுடைய தோளில் தட்டி, இவ்வேலைக்கு நீர் வலிமை குறைந்தவர், இஃது ஓர் அமானிதம், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றாதவனுக்கு மறுமையில் இழிவும் வருத்தமுமே மிஞ்சும் என்று கருணையோடு விளக்கினார்கள். அபூதர் (ரலி) அவர்களின் வாய்மையைப் பெருமானாரே புகழ்ந்திருக்கிறார்கள். பேராசை என்பது அவர்களை அண்டியதேயில்லை. அத்தகையவருக்கும் பதவி மறுக்கப்பட்டது என்றால், அங்கே தடையாக நின்றது குணக்குறை அன்று, ஆற்றலின்மையே என்பது தெளிவு.

நல்லவர் என்பது ஒரு தகுதி. வல்லவர் என்பது மற்றொரு தகுதி. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள் மூஸா நபி (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்தபோது, ஆற்றலும் நம்பகமும் உடையவரே பணிக்குச் சிறந்தவர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னதாகத் திருமறை எடுத்துரைக்கிறது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தில்லாமல் ஊராட்சியின் பணம் செலவாகாது. வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாத நல்லவர் அந்நாற்காலியில் அமர்ந்தால், அவருடைய நல்ல பெயரை மறைப்பாகக் கொண்டு பிறர் களவாடுவர்.

யூசுஃப் நபி கேட்டது எப்படி?

இந்த எச்சரிக்கைகளுக்கு எதிரே திருமறை மற்றொரு காட்சியை வைக்கிறது. யூசுஃப் நபி (அலை) அவர்கள் மிஸ்ரின் மன்னனிடம், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு தாமே கேட்டார்கள். பாதுகாப்பவன், அறிந்தவன் என்று தம் தகுதிகள் இரண்டையும் தம் வாயாலேயே எடுத்துரைத்தார்கள். கேட்பதே பாவமெனில் ஒரு நபி கேட்டிருப்பாரா?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. கனவுக்கு விளக்கம் அறிந்த மன்னன் அவர்களைச் சிறையிலிருந்து அழைத்துவரச் சொன்னபோது, அவர்கள் உடனே புறப்பட்டுவிடவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்க வேண்டும் என்று தூதனைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது, உண்மை வெளிப்பட்டது, மன்னன் அவர்களை நம்பிக்கைக்குரியவர் என்று அறிவித்தான். அதன் பின்னரே அவர்கள் பொறுப்பைக் கேட்டார்கள். முதலில் விசாரணை, அடுத்து நம்பிக்கை, இறுதியில் வேண்டுகோள். நம் காலத்தில் பெரும்பாலும் வேண்டுகோள் முதலில் வருகிறது. நம்பிக்கை பணம் கொடுத்து வாங்கப்படுகிறது. விசாரணை வராமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது.

மேலும், அவர்கள் கேட்டது எதை? ஏழாண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்பதை அறிந்து, அதற்கு முன் தானியத்தைச் சேமிக்கும் கடினமான வேலையைக் கேட்டார்கள். சிம்மாசனத்தை அன்று, சுமையைக் கேட்டார்கள். ஆதலின் கேட்பது, கேளாதிருப்பது என்பதில் மட்டும் அறம் இல்லை. எதைக் கேட்கிறோம், எந்தத் தகுதியோடு கேட்கிறோம், கணக்குக் காட்ட ஆயத்தமாகக் கேட்கிறோமா என்பவற்றிலேயே அறம் இருக்கிறது.

ஆசையைத் தடுத்த குடமும் ஓலையும்

பதவி ஆசையை எப்படித் தடுப்பது என்ற சிந்தனை நம் தமிழ் மண்ணுக்கும் புதியதன்று. தாம்பரத்திலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் சென்றடையக்கூடிய உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கலாகாதே! தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாள்.

இவை எல்லாவற்றினும் நம் சிந்தைக்குரியது ஒரு விதி. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட இவ்விதியைப் படிக்கும்போது, தலைவரின் மைத்துனரே ஒப்பந்தக்காரராகத் திகழும் ஊர்கள் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

திருவுளச் சீட்டு என்பது நம் மரபுக்கும் அயலானதன்று. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்ய எழுதுகோல்களை எறிந்து பார்த்ததைத் திருமறை குறிப்பிடுகிறது. சீட்டில் எவரும் எதையும் கேட்பதில்லை. ஆகவே ஆசைக்கு இடமில்லை.

எனினும் உத்திரமேரூரின் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், மறை கற்றவர் ஆகியோரின் பெயர்களே குடத்துள் சென்றன. அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. அவ்வயல்களில் உழுதவர் பெயரோ, நாற்று நட்ட பெண்ணின் பெயரோ எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. அவர்கள் ஆசையைத் தடுத்தது உண்மை; பெரும்பாலோர்க்குக் கதவை அடைத்ததும் உண்மை.

கேட்க விடப்படாதவர்கள்

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் அந்தக் கதவைத் திறந்தன. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் சட்டம் திறந்த கதவைச் சில ஊர்கள் திறக்கவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஒதுக்கீட்டுத் தொகுதியில் வென்று தலைவரான முருகேசனும் அவருடன் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தேர்தல் முறையாக நடைபெற இயலாமற்போய், 2006 அக்டோபரில்தான் நடந்தேறியது.

இவர்களிடம் சென்று, பதவியைக் கேட்பது பண்பன்று என்று நாம் உபதேசிக்க முடியுமா? தலைமுறை தலைமுறையாகக் கேட்கவே விடப்படாதவன் ஒருநாள் எழுந்து நின்று கேட்பது பேராசை ஆகாது. உரிமையும் அதற்கான துணிவும் அது. பெருமானாரின் எச்சரிக்கையைச் சொல்லி எளியோரை அடக்குபவர், அந்த எச்சரிக்கையை அதன் இடத்திலிருந்து பெயர்த்துவிடுகிறார். அது வலியவனின் ஆசைக்கு இடப்பட்ட கடிவாளம். எளியவனின் கையில் பூட்டப்பட்ட விலங்கன்று.

அந்தக் கடிவாளம் யாருக்குத் தேவை என்பதைக் காட்டும் காட்சிகளும் உண்டு. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலின்போது, சில ஊர்களில் தலைவர் பதவியே ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. ஏலம் எடுப்பவர் ஊர்ப் பொதுவுக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ பணம் கட்டிவிட்டுப் போட்டியின்றித் தேர்வாவது இதன் முறை. அப்பணம் பள்ளிவாசலின் மினாராவுக்கே வருவதாயினும் அது கூடாது. விற்பதற்கு நமக்கு உரிமையில்லாத ஒன்றை விற்ற விலை அது. வாக்கு என்பது ஊர்ப்பெரியவர்களின் உடைமை அன்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஏலத்தில் விடுமாறு எங்கும் கூறவில்லை. ஊராட்சித் தலைவர் பதவிக்கான தேர்தல் செலவு 34,000 ரூபாய்க்கு மிகலாகாது என்று 2021 தேர்தலில் வரம்பு இருந்தது. அதைப் பன்மடங்கு கடந்து இலட்சங்களைக் கொட்டுபவர், அவற்றை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நகரத்தின் விளிம்பில்

இவை எங்கோ தொலைதூரத்துக் கிராமங்களின் செய்திகள் என்று சென்னைப் புறநகரில் வாழும் நம்மவர் எண்ணிவிடலாகாது. தாம்பரம் 1964-இல் நகராட்சியாயிற்று. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல் உள்ளிட்ட நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளும் அதனோடு இணைய, மாநகராட்சியாயிற்று. அப்போதும் முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் போன்றவை பரங்கிமலை ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகளாகவே விடப்பட்டன. பெயரளவில் கிராமம், வாழ்வளவில் நகரம். உழவு மறைந்து மனைகள் பெருகிய இத்தகைய ஊர்களில்தான் ஊராட்சியின் அமானிதம் மிகவும் கனக்கிறது.

பெரிய மனைப்பிரிவு ஒன்று அமையும்போது, அதன் சாலைகளும், பொதுவுக்கென விடப்பட வேண்டிய பத்தில் ஒரு பங்கு நிலமும் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சியின் கைக்கு வருகின்றன. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டிய இடம், பத்தாண்டு கழித்துத் தரையிலும் பூங்காவாக இருக்கிறதா? ஏரிக்கு நீர் கொண்டுவந்த கால்வாய் இன்றும் கால்வாயாக இருக்கிறதா? 2015 டிசம்பர் முதல் நாள் இரவு தாம்பரத்தில் கொட்டிய மழை, ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. இதற்கு ஏதேனும் ஓர் ஊராட்சியைக் குறைகூறுவது நேர்மையாகாது. மழையின் கடுமையும், பல துறைகளின் பொறுப்பும், பல்லாண்டுக் கவனக்குறைவும் அதில் கலந்திருந்தன. எனினும், நீர் செல்லும் வழியை ஒவ்வோர் ஊரும் காத்திருந்தால் துன்பம் குறைந்திருக்கும் என்பதை எவர் மறுப்பார்? உத்திரமேரூரார் ஏரிக்கென்றே தனி வாரியம் அமைத்ததன் பொருள் அந்த இரவில் விளங்கியிருக்கும்.

நிலத்தின் விலை ஏற ஏற, அன்பளிப்பின் அளவும் ஏறும். ஸகாத் திரட்டச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் சினந்தார்கள். அவர் தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மிம்பரில் நின்று கேட்டார்கள். தலைவரின் இல்லத் திருமணத்துக்கு மனை வணிகர் அனுப்பும் வரிசைத் தட்டுக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுவதில்லை.

கணக்குக் கேட்பதும் கடமை

இதுவரை பதவியில் அமர்பவரைப் பற்றியே பேசினோம். மறுபுறம் நாம் இருக்கிறோம். ஜனாஸாத் தொழுகை பர்லு கிஃபாயா என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். சிலர் நிறைவேற்றினால் மற்றவர்மீது கடமை நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். ஊரை நேர்மையாக நடத்துவதும் இவ்வகைக் கடமையே. இதனை உலமாப் பெருமக்கள் பன்முறை விளக்கியுள்ளனர். தகுதியுடையவர் வேறு எவரும் இல்லாதபோது, தகுதியுடைய ஒருவர் ஒதுங்குவது பேணுதல் ஆகாது. கடமையைக் கைவிடுதலே ஆகும்.

புறநகரில் குடியேறிய நம்மவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் மேலப்பாளையம் என்பார், கீழக்கரை என்பார், கூத்தாநல்லூர் என்பார். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அகரம்தென்னையோ முடிச்சூரையோ சொல்வதில்லை. பூர்வீகத்தை மறவாமை நற்பண்பே. ஆனால் நம் வீட்டுக் கழிவுநீர் எந்த ஊர் வாய்க்காலில் ஓடுகிறதோ, நம் பிள்ளை எந்த ஊர்த் தெருவில் விளையாடுகிறதோ, நம் மய்யித்து எந்த ஊர் மையவாடியில் அடங்கப்போகிறதோ, அவ்வூரும் நம் ஊரன்றோ? அவ்வூரின் கிராம சபையில் நமக்கு ஓர் இடம் காத்திருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூட்டுவதென 2022-இல் அறிவிக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊராட்சியில் சபை செல்லுபடியாக 300 பேர் வேண்டும். ஜும்ஆவுக்குத் திரளும் கூட்டத்தில் ஒரு பகுதி திரண்டாலே போதும்! பள்ளிவாசல் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்காவிடில் முத்தவல்லியைப் பிடித்துக் கேட்கிறோம். ஊராட்சிக் கணக்கு வாசிக்கப்படும் நாளில் வீட்டில் ஓய்வெடுக்கிறோம். அல்லாஹ்வின் இல்லத்துப் பணம் அமானிதம், அவனுடைய அடியார்களின் பணம் அமானிதம் அன்று என்று நமக்கு யார் கற்பித்தது?

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான இளங்கோ, தம் முதற் பதவிக்காலத்திலேயே நடைமுறை மீறல் என்னும் குற்றச்சாட்டில் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் நாடியது கிராம சபையை. ஊர் மக்கள் திரண்டு அவர் பக்கம் நின்றனர். மீண்டும் பதவி கிட்டியது. 2001-இலும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். கணக்கை ஊருக்கு முன் திறந்து வைத்தவரை ஊரே காக்கிறது.

கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றதும் ஆற்றிய முதலுரையில், தாம் மக்களுள் சிறந்தவர் அல்லர் என்றும், நேர்வழியில் சென்றால் துணை நிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் வேண்டிக்கொண்டார்கள். பொறுப்பேற்பவரிடம் கேட்கப்படும் பணிவு அது. திருத்தும் கடமை கேட்டிருந்தவர்க்கு. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆட்சி பழுதாகும்.

இறுதியாக ஒரு சொல் நம் இல்லங்களுக்கு. 2016-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்குரியவை. பெயர் மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு என்னும் வழக்கம் எந்தச் சமுதாயத்தில் இருந்தாலும் அது அமானித மோசடியே. கையெழுத்து யாருடையதோ, மறுமையில் கேள்வி அவரிடமே. கேள்விக்குரியவர் அவரென்றால், படித்து முடிவு செய்யும் உரிமையும் அவருக்கே உரியது. குடும்பத்தின் பணத்தைக் கணக்காக நடத்தும் தாய்மாருக்கு ஊரின் பணத்தை நடத்தும் ஆற்றல் இல்லை என்பது அனுபவத்துக்குப் பொருந்தாத கூற்று.

ஆகவே, பதவியைக் கேட்கலாமா என்று வினவும் பெரியவருக்கு நாம் சொல்லக்கூடியது இது. வேட்புமனுவில் கையெழுத்திடுமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்கட்டும். இந்த வேலை எனக்குத் தெரியுமா? என் கடந்த காலத்தை ஊர் விசாரிக்க நான் உடன்படுவேனா? ஒவ்வொரு காசுக்கும் சபையில் எழுந்து நின்று விடையளிப்பேனா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று மனச்சான்று கூறுமாயின், அவர் தயங்காது கேட்கட்டும். அவர் கேட்பது பதவியை அன்று, சுமையை. ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்று கூறுமாயின், ஊரே திரண்டு வந்து வேண்டினாலும் அபூதர் (ரலி) அவர்களை நினைவில் கொண்டு விலகிக்கொள்ளட்டும். அவ்வாறு விலகியவரும் கிராம சபைக்கு வராமல் இருத்தலாகாது.

ஏற்றவர்க்கு நேர்மையையும், ஒப்படைத்தவர்க்கு விழிப்பையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.